கடலில்லாத துறைமுக அரசு: செஞ்சியின் கதையும் நம் கதையும்



நம் பங்கின் யூபிலி மலருக்குச் செஞ்சியின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, முதலில் தயங்கினேன். காலையில் கதவைத் திறந்தால் இராஜகிரி மலை முகத்தில் நிற்கும் மக்களுக்குச் செஞ்சியைப் பற்றிப் பங்குச் சாமியார் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார் என்பதே என் தயக்கம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து, "இந்தக் கோட்டையைக் கட்டியவர் யார்?" என்று கேட்டேன். "தேசிங்கு ராஜா!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லிற்று. தேசிங்கு இந்தக் கோட்டையைக் கட்டியவனல்லன். இதில் ஓராண்டுகூட அவன் முழுமையாக அரசாளவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சாமி, நம்ம வேதம் வெள்ளைக்காரன் பீரங்கியோட வந்ததுன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு இயலவில்லை. ஆம் என்றாலும் முழு உண்மையாகாது. இல்லை என்றாலும் முழு உண்மையாகாது. விடை இந்த மலைகளின் கதைக்குள்தான் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை அச்சிறுமிக்கு எழுதும் பதிலாகவே எண்ணி எழுதுகிறேன்.

மூன்று மலை, ஒரு கோட்டை

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை மதில்களால் இணைத்து அமைத்ததே செஞ்சிக் கோட்டை. மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். இவற்றுள் உயர்ந்தது இராஜகிரி. ஏறக்குறைய 800 அடி உயரம். அதன் உச்சியை அடைவதற்கு முன்னால் இயற்கையாகவே ஓர் ஆழமான பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருக்கும் பத்துப் பேர் கீழே நிற்கும் பெரும் படையைத் தடுத்து நிறுத்திவிடலாம். ஆங்கிலேயர் இதைக் கிழக்கு நாட்டின் டிராய் என்று அழைத்ததில் வியப்பில்லை.

கோன்கள் என்னும் ஆயர் குலத் தலைவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே முதல் அரணை எழுப்பினர் என்பது வழிவழி வரும் செய்தி. ஆனந்தக் கோன், கிருஷ்ணக் கோன் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆடு மேய்த்தவர்கள் கட்டிய கோட்டை என்று சிலர் இதை இளக்காரமாகப் பேசுவதுண்டு. நாம் அப்படிப் பேசலாகாது. நமது விவிலியத்தில் ஆடு மேய்த்த சிறுவனே அரியணை ஏறினான்; மீட்பர் பிறந்த செய்தியும் இடையர்களுக்கே முதலில் அறிவிக்கப்பட்டது.

பின்னர் விஜயநகரப் பேரரசு செஞ்சியைத் தன் ஆட்சிக்குள் கொண்டு வந்து, நாயக்கர்களை இங்கு அமர்த்திற்று. இன்று நாம் காணும் பெரிய மதில்கள், களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த நாயக்கர்களின் காலத்தவை.

1597: தாம்பூலத்தட்டும் ஒரு விண்ணப்பமும்

இனி நம் கதைக்கு வருவோம். 1597-ஆம் ஆண்டில் நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் போர்ச்சுகீசிய சேசு சபைக் குரு செஞ்சிக்கு வந்தார். அச்சபையின் பார்வையாளராக இந்தியாவில் பணியாற்றியவர் அவர். அப்போது செஞ்சியை ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். தாம் கண்டதையெல்லாம் பிமெந்தா அடிகள் ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பினார். இந்தியாவில் தாம் பார்த்த மிகப் பெரிய நகரங்களுள் இதுவும் ஒன்று என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டின் எந்த நகரத்தையும்விட இது பெரியது என்றும் அவர் குறித்திருக்கிறார். இன்று திண்டிவனம் பேருந்துக்குக் காத்து நிற்கிறோமே, இந்த ஊரைப் பற்றித்தான் அவர் அப்படி எழுதினார்!

அரசரைச் சந்தித்ததையும் அவர் விரிவாக வருணித்துள்ளார். நாயக்கர் பட்டுக் கம்பளத்தின்மேல் இரு திண்டுகளில் சாய்ந்திருந்தார். கழுத்திலே முத்தும் மணியும் பதித்த ஆரம். உச்சியில் முடிந்த கூந்தலிலும் முத்துகள். அந்தணரும் சிற்றரசரும் சூழ இருந்தனர். வந்த குருக்களுக்கு வெற்றிலை கொடுத்து உபசரித்தார். அதை அவர்கள் வாயில் போட்டு மெல்லாததைக் கண்டு நாயக்கர் மிகவும் வியந்தாராம். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி காப்பியைத் தொடாமல் எழுந்து போனால் நமக்கு எப்படி இருக்கும்? ஆயினும் அரசர் கோபிக்கவில்லை. பொன்னிழை வேய்ந்த ஆடைகளைப் பரிசளித்து, தாம் புதிதாகக் கட்டிக் கொண்டிருந்த நகரத்துக்கு ஒரு குருவைத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் புதிய நகரம் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது. நாயக்கரின் பெயராலேயே கிருஷ்ணபட்டினம் எனப்பட்டது. அந்தப் பகுதியே இன்றைய பரங்கிப்பேட்டை. கடற்கரையில் ஒரு குருவும் கோயிலும் இருந்தால் போர்ச்சுகீசிய வணிகர்களும் வந்து குடியேறுவர், துறைமுகம் செழிக்கும் என்ற கணக்கும் அரசருக்கு இருந்திருக்கலாம். அரசர்கள் கணக்கில்லாமல் எதையும் செய்வதில்லை. ஆனாலும் ஒன்றை நாம் நினைவில் வைக்கவேண்டும். அன்று செஞ்சியில் எந்த வெள்ளைக்காரனின் பீரங்கியும் இல்லை. வைணவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுக்கொண்ட ஓர் அரசர், வேறு சமயத்துக் குருக்களை அழைத்து, வெற்றிலை வைத்து, தம் நகரத்துக்கு வருமாறு கேட்டார். சிறுமியே, உன் கேள்விக்குப் பதிலின் முதற்பாதி இதுதான்.

கடற்கரைக்குச் சாவி

செஞ்சிக்குக் கடல் இல்லை. ஆனால் கடற்கரையின் சாவி செஞ்சியிடம் இருந்தது. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகம் செய்ய வந்தது செஞ்சி நாயக்கரின் அனுமதி பெற்றே. 1690-ல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையை வாங்கியது, அப்போது செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரையுள்ள ஊர்களும் ஆங்கிலேயருக்குச் சேரும் என்பது அந்தப் பேரத்தின் விசித்திரமான நிபந்தனை. அதுவே புனித தாவீது கோட்டை. புதுச்சேரியில் பிரான்சுவா மர்த்தேனின் தலைமையில் காலூன்றிய பிரெஞ்சுக்காரரும், 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபிறகு, அங்கே நீடித்திருக்க அவருடைய இசைவைப் பெறவேண்டியிருந்தது.

ஆக, மதில் சூழ்ந்த இந்த ஊரில் எடுத்த முடிவுகளே பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம், புதுச்சேரி ஆகிய துறைமுகங்களின் தலைவிதியை நிர்ணயித்தன. துறைமுகம் அங்கே, அரசு இங்கே.

முற்றுகைக் காலமும் ஒரு மறைசாட்சியும்

நாயக்கர் ஆட்சி 1649-ல் முடிந்தது. பிஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1677-ல் சிவாஜி வந்தார். அவர் மதில்களையும் அகழிகளையும் எவ்வளவு திறமையுடன் புதுப்பித்தார் என்பதை மதுரை மறைத்தளத்துச் சேசு சபைக் குரு ஒருவர் 1678-ஆம் ஆண்டுக் கடிதத்தில் பாராட்டி எழுதியிருக்கிறார். ஐரோப்பியப் பொறியாளரும் குறை சொல்ல முடியாத வேலை என்பது அவர் கருத்து.

சிவாஜியின் இளைய மகன் இராஜாராம், மொகலாயருக்குத் தப்பி 1689-ன் இறுதியில் செஞ்சிக்கு வந்தார். அதுமுதல் மராட்டிய அரசின் தலைநகரமே நம் செஞ்சியாயிற்று. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையைத் தொடங்கினார். பஞ்சமும் நோயும் மராட்டியக் குதிரைப்படையும் நெருக்கும்போதெல்லாம் வந்தவாசிக்குப் பின்வாங்குவதும், பிறகு திரும்பி வருவதுமாக எட்டாண்டுகள் கழிந்தன. 1698-ல் கோட்டை விழுந்தது; இராஜாராம் அதற்குமுன்பே தப்பிவிட்டார்.

மதில் பிடிக்க மன்னர்கள் போரிட்ட அதே காலத்தில், மதிலே இல்லாத ஒருவர் இந்த நாட்டில் நடந்து திரிந்தார். அவரே புனித அருளானந்தர். போர்ச்சுகல் அரசவையில் வளர்ந்த அவர், 1674-ல் தமிழகத்தில் பணியைத் தொடங்கியபோது முதலில் வந்து தங்கியது செஞ்சி, தஞ்சை நாடுகளின் எல்லைப்புறத்தில்தான். காவியுடை தரித்து, மரக்கறி உணவு உண்டு, தமிழ் பேசிப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். செஞ்சி முற்றுகை நடந்த அந்த எட்டாண்டுகளுக்கு நடுவே, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், தெற்கே மறவர் நாட்டின் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. செஞ்சிக்காகப் போரிட்ட சுல்பிகர்கானின் பெயரை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அருளானந்தர், அருளானந்தம், அருள் என்று பெயரிட்ட பிள்ளைகள் நம் பங்கிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

தேசிங்கும் மோவத்துக்கானும்

மொகலாயர் ஆட்சியில் செஞ்சியை மேற்பார்த்தவர் புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங். அவர் இறந்தபின் 1714-ல் பொறுப்பேற்ற மகன் தேஜ்சிங் என்பவனே நம் தேசிங்கு ராஜன். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்தான். மிகச் சிறிய படையோடு நவாபின் பெரும் படையை எதிர்த்து, அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் களத்தில் மடிந்தான். வயது 22 என்பார்கள்.

அவனுக்குத் தோள் கொடுத்து உடன் மாண்ட நண்பன் ஒரு முஸ்லிம். பெயர் மோவத்துக்கான். தன் மணக்கோலத்தையும் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு ஓடிவந்தான் என்று தேசிங்கு ராஜன் கதை சொல்லும். நீலாம்பூண்டியில் அவன் சமாதி இருக்கிறது. தேசிங்கின் மனைவி கணவனோடு உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்றும் மரபு கூறுகிறது. உடன்கட்டையைத் திருச்சபை ஒருகாலும் ஏற்பதில்லை. ஆனால் நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பில்லை என்று நம் ஆண்டவர் கற்பித்ததை, ஓர் இராஜபுத்திரனும் ஒரு முஸ்லிமும் இந்த மண்ணில் நடத்திக் காட்டியதை நாம் தலைவணங்கி ஏற்கலாம். தெருக்கூத்தாகவும் பாட்டாகவும் மக்கள் மனத்தில் நின்றது எட்டாண்டு முற்றுகையன்று. இந்த ஓராண்டு நட்பே.

புதுச்சேரிக்குப் போன தூண்கள்

இப்போது பதிலின் மறுபாதி. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். விடிந்ததும் தாங்கள் ஏறிவந்த மதிலையும் மலையையும் பார்த்துப் பிரெஞ்சு வீரர்களே திகைத்து நின்றார்களாம். அவர்கள் இங்கே சுமார் பத்தாண்டு இருந்தனர். காய்ச்சலுக்கு இரையான சிப்பாய்கள் ஏராளம். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அடுத்த ஏப்ரலில் செஞ்சியும் பணிந்தது. 1780-ல் ஐதர் அலியின் கைக்கு மாறியதே கடைசியாக நடந்த பெரிய நிகழ்ச்சி. அதன்பின் போரும் ஓய்ந்தது, ஊரும் ஓய்ந்தது.

பிரெஞ்சுக்காரர் தம் நாட்களில் வேங்கடரமணர் கோயிலிலிருந்து அழகிய ஒற்றைக்கல் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போயினர். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே. விடுமுறையில் பிள்ளைகளுடன் கடற்கரைக்குப் போகிறோம், அத்தூண்களின் அடியில் அமர்ந்து சுண்டல் தின்கிறோம். அவை நம் ஊர்க் கற்கள் என்பதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

தூண்களை எடுத்தவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் போனவர்கள்; நம்முடைய திருமுழுக்கையே பெற்றவர்கள். பிறர் வழிபடும் இடத்தைக் குலைத்தது தவறு என்று சொல்ல நமக்கு நாக்கு கூசலாகாது. மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆகவே பீரங்கியோடு வந்த கிறிஸ்தவரும் உண்டு, வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் அமர்ந்த கிறிஸ்தவரும் உண்டு, தடியூன்றி வெறுங்காலோடு நடந்த கிறிஸ்தவரும் உண்டு. நம் விசுவாசத்துக்கு முன்மாதிரி இவர்களில் யார் என்பதை நாமே தெரிந்துகொள்ளவேண்டும்.

விருந்தினருக்குக் காட்ட வேண்டியவை

யூபிலிக்கு வெளியூர் உறவினர் பலர் வருவர். அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வோர் காலை வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தின்பண்டத்தைக் குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்திருங்கள்.

இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைக் காட்டுங்கள். அடுக்கடுக்காக எழும் அந்தக் கட்டடத்தின் மேல்நிலை வரைக்கும் மண்குழாய் வழியே தண்ணீரை ஏற்றியிருந்தார்கள். அருகிலேயே நெற்களஞ்சியம், குதிரை லாயம், ஆனைக்குளம். மலையேறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சியில் அரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும். சாதத்துல்லாகான் 1717-18-ல் எழுப்பிய பள்ளிவாசல் கீழ்க்கோட்டையில் உள்ளது. கிருஷ்ணகிரியில் எண்ணெயும் நெய்யும் சேமித்து வைத்த தொட்டிகளைக் காணலாம். கோட்டையைக் காத்தது பீரங்கியைவிடச் சோறும் தண்ணீரும்தான் என்பது அங்கே புரியும். இரண்டு ஆண்டு மழை பொய்த்தால் குடத்தோடு அலையும் நாம், மலையுச்சியிலும் சுனைநீரைப் பேணிய அந்த முன்னோரிடம் கற்க நிறைய இருக்கிறது.

ஊரைச் சுற்றியும் அருமையான இடங்கள் உண்டு. திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் ஒரே பாறையில் செதுக்கியுள்ளனர். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. தமிழ்ச் சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. சிங்கவரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் குடைவரை; விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குடைந்த கோயில்; பனமலையில் இராசசிம்மன் எழுப்பிய கற்றளி. சேத்துப்பட்டுவரை செல்வோர் லூர்து மாதா ஆலயத்தைத் தரிசித்து வரலாம். தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களோடு நின்ற தாராஸ் அடிகளாரை அங்கே நினைவுகூருங்கள்.

நம் கோட்டையை மத்திய அரசு 1921-ல் தேசியச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்து வருகிறது. 2025 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் படைத்தளங்கள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனிப் பயணிகள் பெருகுவர். அவர்கள் காணும்போது பாறையில் பெயர் கிறுக்கியவர்களும் குளத்தில் குப்பை எறிந்தவர்களும் நம் பிள்ளைகளாக இருக்கலாகாது.

கல்லா, மனிதரா?

கோன்கள், நாயக்கர், பிஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எட்டுக் கைகள் மாறிய கோட்டை இது. வென்றவர் ஒவ்வொருவரும் மதிலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அடுத்தவர் அதையும் தாண்டி வந்தார். தாவீது அரசர் எத்தனையோ கோட்டைகளைப் பிடித்தவர். ஆயினும் அவர் தம் பாடல்களில் கோட்டையென்றும் கற்பாறையென்றும் அழைத்தது ஆண்டவரை மட்டுமே. செஞ்சியில் வாழும் நமக்கு அதன் பொருளை விளக்க வேறு பிரசங்கம் தேவையில்லை. சன்னலைத் திறந்து பார்த்தால் போதும்.

ஆகவே, மறைக்கல்வி வகுப்பின் கடைசி வரிசைச் சிறுமியே, உன் பள்ளித் தோழர்கள் மறுபடியும் கேட்டால் இப்படிச் சொல்: "எங்கள் வேதத்தைச் சொன்ன குருக்களை 1597-ல் இந்த ஊர் அரசர் வெற்றிலை வைத்து வரவேற்றார். பிறகு எங்கள் வேதத்துக்காரர் சிலர் பீரங்கியோடும் வந்தார்கள். அவர்கள் செய்த தவறு எங்களுக்குத் தெரியும். நாங்கள் முதலில் வந்தவர்களைப்போல் இருக்க விரும்புகிறோம்." சொல்லிவிட்டு அவர்களையும் யூபிலி விருந்துக்கு அழைத்து வா. அன்று நாயக்கர் நீட்டிய தாம்பூலத்தை நம்மவர்கள் வாயில் போடவில்லை. அந்தக் கடன் நானூறு ஆண்டுக்கு மேலாக நம்மிடம் பாக்கி இருக்கிறது. இந்த யூபிலியில் இந்துக்களும் முஸ்லிம்களும் சமணர்களுமான நம் அயலார் நம் பந்தியில் அமர்ந்து, நாம் தரும் வெற்றிலையை ஏற்றுக்கொண்டால், பாதிக் கடனாவது தீரும்.

செஞ்சி மக்கள் அனைவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை